ஆசான் அழைத்தார், அணி வெளியேறியது

நீண்ட பதிவு. கால்பந்தில் ஆர்வமில்லாத நண்பர்களும் இறுதிவரை வாசிக்க வேண்டுகிறேன். இது கால்பந்தைப் பற்றி மட்டும் எழுதப்பட்டதன்று.

ஆய்வுப் பணிக்காக மட்டாஞ்சேரியில் தங்கியிருந்த நாட்களில், பஜார் சாலையை ஒட்டிய சந்தொன்றின் தேநீர்க் கடையில்தான் பெரும்பாலான ஆட்டங்களைப் பார்த்தேன். 2023 மார்ச் 3 இரவும் அங்கேதான் இருந்தேன். பெங்களூரு ஸ்ரீகண்டீரவா அரங்கில் இந்தியன் சூப்பர் லீகின் வெளியேற்றுச் சுற்று ஆட்டம். தோற்றவர் வீடு திரும்ப வேண்டும். தொண்ணூறு நிமிடங்களில் இரு தரப்பும் கோல் அடிக்கவில்லை. கூடுதல் நேரம் தொடங்கி, 96ஆம் நிமிடத்தில் பெங்களூருவுக்கு ஒரு ஃப்ரீ கிக். கேரளா பிளாஸ்டர்ஸ் வீரர்கள் தடுப்புச் சுவர் அமைக்க முனைந்துகொண்டிருந்தனர். கோல்காப்பாளர் தம் இடத்துக்குத் திரும்பியிருக்கவில்லை. அதற்குள் சுனில் சேத்ரி பந்தை வலைக்குள் செலுத்திவிட்டார். நடுவர் கிறிஸ்டல் ஜான் அதைக் கோல் என்று அறிவித்தார்.

வாக்குவாதம் மூண்டது. நடுவர் மனம் மாறவில்லை. அப்போது எல்லைக்கோட்டருகே நின்றிருந்த தலைமைப் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச், தம் வீரர்களைக் கைகாட்டி அழைத்தார். அணி மொத்தமாக மைதானத்தை விட்டு வெளியேறியது. காத்திருப்புக்குப் பின் பெங்களூரு வென்றதாக அறிவிக்கப்பட்டது.

கடையில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு, துறைமுகத்தில் சுமை தூக்கி ஓய்வுபெற்ற ஒரு முதியவர், ஆசான் செய்ததுதான் சரி என்றார். அவருக்கு எதிரே அமர்ந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர், இன்னும் இருபது நிமிடங்களுக்கு மேல் ஆட்டம் மிச்சமிருந்ததே, அதை விட்டுக்கொடுக்க இவர் யார் என்று கேட்டார். இருவரும் ஒரே மஞ்சள் அணியின் ரசிகர்கள். அன்று தொடங்கிய அந்த வழக்கு கொச்சியில் இன்னும் தீர்ந்தபாடில்லை. முதியவர் சொன்னதிலும் மாணவர் கேட்டதிலும் நியாயம் இருப்பதாக எனக்கு அன்றும் தோன்றியது. ஆனால் அந்த இரண்டு நியாயங்களும் ஒரே எடையுள்ளவை அல்ல என்று இப்போது நினைக்கிறேன். அதை விளக்கவே இப்பதிவு.

முதலில் மனிதரைப் பற்றி. இவான் வுகோமனோவிச் செர்பியர். பெல்கிரேடின் ரெட் ஸ்டார், பிரான்சின் போர்தோ முதலிய அணிகளுக்கு ஆடியவர். 2021ஆம் ஆண்டு கோடையில் பிளாஸ்டர்ஸ் அணியின் பொறுப்பை ஏற்றார். அதற்கு முந்தைய பருவத்தில் அவ்வணி பதினொரு அணிகளுள் பத்தாவதாக முடித்திருந்தது. அவருடைய முதல் பருவத்திலேயே அது இறுதியாட்டத்தை எட்டியது. 2022 மார்ச் 20 அன்று கோவாவின் ஃபட்டோர்டா அரங்கில் ஐதராபாத்திடம் பெனால்டி ஷூட் அவுட்டில் தோற்றது. தொடர்ந்து மூன்று பருவங்கள் அணியை வெளியேற்றுச் சுற்றுகளுக்குக் கொண்டுசென்றார். கோப்பை ஒன்றும் வெல்லவில்லை. 2024 ஏப்ரல் இறுதியில் அணியும் அவரும் பிரிந்தனர்.

கோப்பையே வெல்லாத ஒருவரை ஒரு நகரம் ஏன் இப்படி நேசித்தது? அவர் பேசியதால் என்பது என் விடை. நடுவர்களின் தரத்தைப் பற்றி, காணொளி உதவி நடுவர் முறை இல்லாமையைப் பற்றி, பிற பயிற்சியாளர்கள் தேநீர் மேசையில் முணுமுணுத்ததை அவர் ஒலிவாங்கிக்கு முன் சொன்னார். ரசிகர்கள் அவரை ஆசான் என்று அழைத்தனர். அச்சொல் மலையாளத்துக்கும் நமக்கும் பொதுவானது. திண்ணைப் பள்ளியில் மணலில் எழுத்தறிவித்தவரும் ஆசான். களரியில் வாள் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரும் ஆசான். கற்பிப்பவர், காப்பவர், கண்டிப்பவர் என்னும் மூன்று பொருளும் அதற்குள் அடக்கம். பெருநிறுவனங்கள் நடத்தும் ஒரு லீகில், ஒப்பந்தத்தின் பேரில் வந்து போகும் ஒரு வெளிநாட்டுப் பயிற்சியாளருக்கு இந்த ஊர் அந்தப் பழஞ்சொல்லைச் சூட்டியது சாதாரண நிகழ்வன்று.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இதே கொச்சி வேறொரு சொல்லைச் சூட்டியது. 1973 டிசம்பரில் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றது. இறுதியாட்டத்தில் ரயில்வே அணியை 3-2 என வீழ்த்தியது. மூன்று கோல்களையும் அடித்தவர் அணித் தலைவர் டி.கே.எஸ். மணி. அன்று முதல் இறக்கும்வரை அவர் கேப்டன் மணிதான். அந்த அணிக்குப் பயிற்சியளித்தவர் ஒரு தமிழர், சைமன் சுந்தர்ராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக அவர் அடித்த கோல்தான் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசிக் கோலாக இன்றளவும் நிற்கிறது. அவர் பெயரைச் சென்னையில் எத்தனை பேர் அறிவர்? அக்காலத்தில் அணியின் முகம் அதன் தலைவர். பயிற்சியாளர் பின்னால் நிற்பவர். தலைவர் ஊர்க்காரர், பக்கத்து ஆலையில் வேலை செய்பவர், மாலையில் அதே சந்தையில் மீன் வாங்குபவர்.

இன்று அந்த நிலை தலைகீழாகிவிட்டது. வீரர்கள் பருவத்துக்கு ஓர் அணி மாறுகின்றனர். கைப்பட்டை யார் தோளில் இருக்கிறது என்பது ரசிகருக்கே மறந்துபோகிறது. ஓரிடத்தில் மூன்றாண்டு நிலைத்து நின்றவர் பயிற்சியாளர் ஒருவர்தான். இவானுக்கு முன் அந்த அணியில் எந்தத் தலைமைப் பயிற்சியாளரும் அவ்வளவு காலம் நீடித்ததில்லை. ஆகவே முன்பு அணித் தலைவர்மீது வைக்கப்பட்ட அன்பும் எதிர்பார்ப்பும் இப்போது பயிற்சியாளரிடம் இடம்பெயர்ந்துள்ளன. தலைவனிடம் நாம் வேண்டியது என்ன? நமக்காக நடுவரிடம் போய்ப் பேசுவது. அதையே இப்போது பயிற்சியாளரிடம் வேண்டுகிறோம். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தலைவனின் சினமும் பயிற்சியாளரின் சினமும் ஒன்றன்று.

இதைப் புரிந்துகொள்ள அயர்லாந்தின் ராய் கீனை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை. 1997 முதல் 2005 வரை மான்செஸ்டர் யுனைடெட் அணியின் தலைவர். உலகக் கோப்பைக்கு முன், 2002 மே மாதம், சைபன் தீவில் முகாமிட்டிருந்த அயர்லாந்து அணியின் பயிற்சி வசதிகள் கேவலமானவை என்று வெளிப்படையாகச் சொன்னார். மேலாளர் மிக் மெக்கார்த்தியுடன் மோதினார். ஓர் ஆட்டமும் ஆடாமல் வீடு திரும்பினார். நாடே இரண்டாகப் பிளந்தது. குடும்பங்களுக்குள் சண்டை வந்தது. ஒரு சாராருக்கு அவர் துரோகி, மறு சாராருக்கு உண்மையைச் சொன்ன ஒரே மனிதர். பின்னர் அந்நாட்டுக் கால்பந்துச் சங்கமே அமர்த்திய ஆய்வு, ஏற்பாடுகளில் குறைகள் இருந்ததை உறுதிசெய்தது. சங்கத்தின் பொதுச் செயலாளர் பதவி விலகினார். அதாவது கீன் சொன்னது பெருமளவு உண்மை. அந்த உண்மைக்காக அவர் கொடுத்தது தம்முடைய உலகக் கோப்பையை. அவர் இல்லாமலும் அணி ஆடியது, இரண்டாம் சுற்றில் ஸ்பெயினிடம் பெனால்டியில் தோற்கும்வரை ஆடியது. அவர் எவரையும் தம்மோடு வெளியே அழைத்துச் செல்லவில்லை.

அதே கீன் 2006இல் சண்டர்லேண்டின் மேலாளரானார். இரண்டாம் நிலை லீகின் அடிமட்டத்தில் தத்தளித்த அணியை அந்தப் பருவத்திலேயே முதலிடத்துக்கு உயர்த்தினார். 2007இல் பார்ன்ஸ்லிக்குப் புறப்பட வேண்டிய பேருந்துக்குத் தாமதமாக வந்த மூன்று வீரர்களை விட்டுவிட்டுக் கிளம்பினார். அணி வென்றது. கதை புகழ்பெற்றது. ஆனால் 2008 டிசம்பரில் அவர் விலகினார். அடுத்து இப்ஸ்விச்சில் இரண்டு ஆண்டுகள்கூட முழுமையாக நீடிக்கவில்லை. தலைவராக இருந்தபோது அவரை உயர்த்திய அதே குணம் மேலாளரானபின் ஏன் கைகொடுக்கவில்லை?

என் விளக்கம் இது. தலைவனாக அவர் சொன்ன உண்மை மேல்நோக்கிச் சென்றது. தம்மைவிட அதிகாரம் மிக்கவர்களை நோக்கி, தம் இடத்தைப் பணயம் வைத்து அதைச் சொன்னார். மேலாளராக அவர் சொன்ன உண்மை கீழ்நோக்கி இறங்கியது. கேட்டவர்கள் அவருடைய ஒரு சொல்லில் வாய்ப்பை இழக்கக்கூடிய இளைஞர்கள். குரல் ஒன்றுதான், தொனியும் ஒன்றுதான். ஆனால் மேல்நோக்கிச் செல்லும்போது துணிவு எனப்படுவது கீழ்நோக்கி இறங்கும்போது அதட்டலாகிவிடுகிறது. கால்பந்து விதிநூலே இந்த வேறுபாட்டை ஒருவகையில் அறிந்திருக்கிறது. அணித் தலைவருக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை, ஆனால் அணியின் நடத்தைக்கு ஓரளவு பொறுப்பு உண்டு என்கிறது மூன்றாம் விதி. சலுகையின்றிப் பொறுப்பு மட்டும் உள்ளவரின் பேச்சுக்கு ஓர் அறவலிமை உண்டு. அதிகாரம் கைக்கு வந்தபின் அந்த வலிமையை அப்படியே எடுத்துச் செல்ல முடிவதில்லை.

நம் நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற இந்திய அணியின் தலைவர் சையத் நயீமுதீன். பின்னர் இந்திய அணிக்கும் கொல்கத்தாவின் பேரணிகளுக்கும் பயிற்சியாளர். அர்ஜுனா விருதும் துரோணாச்சாரியார் விருதும் பெற்றவர். வீரர்களின் உணவுத் தட்டுவரை நீண்ட அவருடைய கண்டிப்பைப் பற்றி இன்றும் இருவேறு பேச்சு உண்டு. அவரால்தான் ஆளானோம் என்போர் ஒருபுறம், அவரிடம் மூச்சுவிட முடியவில்லை என்போர் மறுபுறம். இரண்டும் உண்மையாகவே இருக்கக்கூடும்.

இப்போது பெங்களூருவுக்குத் திரும்புவோம். இவானின் நிலை கீனின் இரண்டு நிலைகளிலிருந்தும் வேறுபட்டது. அதனால்தான் அது இவ்வளவு சிக்கலாகவும் இருக்கிறது. அவருடைய எதிர்ப்பு மேல்நோக்கியது. நடுவரை, அவரை நியமித்த கூட்டமைப்பை, அந்த அமைப்பின் அலட்சியத்தை நோக்கியது. அவ்வகையில் அது தலைவனின் எதிர்ப்பு. ஆனால் அந்த எதிர்ப்பின் கட்டணச் சீட்டு கீழ்நோக்கி இறங்கியது. ஆட்டத்தை இழந்தவர்கள் வீரர்கள். எஞ்சிய நிமிடங்களில் ஒரு கோல் அடித்துச் சமன் செய்திருக்கக்கூடியவர்கள் அவர்கள். பேருந்திலும் ரயிலிலும் பெங்களூரு வந்து பார்வையாளர் பகுதியில் நின்றவர்கள் ரசிகர்கள். இவர்களுள் எவரிடமும் கருத்துக் கேட்கப்படவில்லை. கேட்க நேரமும் இல்லை.

அந்தக் கோல் முறையானதா என்னும் கேள்வியைத் தவிர்க்க விரும்பவில்லை. விதி எளியது. ஃப்ரீ கிக் பெற்ற அணி விரும்பினால் விரைவாக ஆடலாம், விசிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எதிரணியைப் பின்னே நகர்த்தி ஆட்டத்தை நிறுத்தி வைத்தபின், விசில் ஒலித்தால்தான் மீண்டும் தொடங்க வேண்டும். தமக்கு விசிலும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் முன்பே கூறிவிட்டதாகச் சேத்ரி சொன்னார். ஆட்டம் நிறுத்தப்பட்டுவிட்டது, சுவர் அமைக்கும் நேரம் அது என்று பிளாஸ்டர்ஸ் தரப்பு கருதியது. எந்தத் தருணத்தில் விரைவு முடிந்து நிறுத்தம் தொடங்குகிறது என்பதை நடுவரின் கண் ஒன்றே தீர்மானிக்கிறது. இத்தகைய மங்கலான இடத்தில் நேர்ந்த ஒரு முடிவைத் திட்டமிட்ட அநீதி என்று கூற எனக்கு மனம் வரவில்லை. அதே வேளையில், நாட்டின் முதன்மை லீகில் மறுபடியும் பார்த்துச் சரிசெய்யும் வழி ஒன்றுகூட இல்லாமல் போனது அநீதிதான். அது அந்த நடுவர் ஒருவரின் குற்றமன்று. அந்த இரவுக்குப் பின் சமூக ஊடகங்களில் அவர்மீது கொட்டப்பட்ட வசைகளை, நம் தரப்பின் வீரக் கதையைச் சொல்லும்போது நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

மட்டாஞ்சேரி முதியவரின் நியாயத்துக்கு வருகிறேன். அவருக்கு வெளியேறுதல் என்பது கோழைத்தனமன்று. இந்த ஊரின் நினைவில் அது வேறொன்று. கொச்சித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் சாப்பா என்னும் முறை இருந்தது. விடியலில் கூடிநிற்கும் தொழிலாளர் கூட்டத்தின் நடுவே உலோக வில்லைகளை வீசியெறிவார்கள். ஒருவரையொருவர் மிதித்துத் தள்ளி அதைப் பிடித்தவருக்கு அன்று வேலை, பிடிக்காதவருக்குப் பட்டினி. அதை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1953 செப்டம்பரில் மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்கள் போயின. ராஜீவ் ரவி இயக்கிய ‘துறமுகம்’ திரைப்படம் அந்த வரலாற்றைச் சொல்கிறது. பல தாமதங்களுக்குப் பின் அது திரைக்கு வந்த நாள் 2023 மார்ச் 10, அதாவது பெங்களூரு ஆட்டத்துக்குச் சரியாக ஒரு வாரம் கழித்து. தற்செயல்தான். ஆனால் அந்த வாரம் அந்தக் கடையில் இரண்டு பேச்சுகளும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ஆட்டத்தின் விதி அநியாயமானால் ஆடாதே, வெளியே வா. முதியவருக்கு இது பிறப்பிலேயே தெரிந்த இலக்கணம்.

அந்த இலக்கணத்தை நான் மதிக்கிறேன். மதிப்பதாலேயே ஒரு வேறுபாட்டைச் சுட்ட வேண்டியிருக்கிறது. வேலைநிறுத்தத்தில் வெளியேறுபவர்களே முடிவெடுக்கிறார்கள். கூடிப் பேசி, கைதூக்கி, பட்டினிக்கு அணியமாகி வெளியேறுகிறார்கள். முடிவெடுப்பவரும் விலை கொடுப்பவரும் ஒருவரே. அதுவே அந்த வெளியேற்றத்துக்கு அறத்தைத் தருகிறது. கண்டீரவாவில் நடந்தது அதன் வெளித்தோற்றத்தைக் கொண்டிருந்தது, உட்பொருளைக் கொண்டிருக்கவில்லை. ஒருவர் கைகாட்டினார், மற்றவர்கள் நடந்தனர். அவர்களுள் எத்தனை பேர் உடன்பட்டு நடந்தனர், எத்தனை பேர் பணிந்து நடந்தனர் என்பதை அறிய வழியில்லை. அறிய வழியில்லை என்பதுதான் சிக்கலே.

அடுத்து கூட்டமைப்பின் தீர்ப்பு. 2023 மார்ச் இறுதியில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒழுங்குமுறைக் குழு அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பகிரங்க மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் அபராதம் 6 கோடி. இவானுக்குப் பத்து ஆட்டங்கள் தடை, 5 லட்சம் அபராதம். அவரும் மன்னிப்புக் கேட்காவிட்டால் 10 லட்சம். ஏப்ரல் தொடக்கத்தில் இருதரப்பும் வருத்தம் தெரிவித்தன. ஆட்டத்தைக் கைவிடுவதற்குத் தண்டனை வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. 2012 டிசம்பரில் கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரான ஆட்டத்தின் இரண்டாம் பாதிக்கு மோகன் பகான் திரும்ப மறுத்தபோதும் கடுமையான நடவடிக்கை பாய்ந்தது. நினைத்தபோது எழுந்து போகலாம் என்றால் லீகே இல்லை.

ஆனால் மன்னிப்புக்கு விலை நிர்ணயித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. 6 கோடிக்கும் 4 கோடிக்கும் இடையே உள்ள 2 கோடி எதற்கான தொகை? தவறு இரண்டிலும் ஒன்றே. அப்படியானால் அந்த 2 கோடி வருத்தம் தெரிவிப்பதற்கான தள்ளுபடி. தள்ளுபடியில் பெற்ற வருத்தத்தை எந்தப் பள்ளி ஆசிரியரும் உண்மை என்று நம்பமாட்டார். தண்டிப்பது அதிகாரத்தின் உரிமை. நினைத்ததை மாற்றிச் சொல்லவைப்பது உரிமையன்று. அப்படிப் பெற்ற மன்னிப்பால் பயன் விளையவில்லை என்பதையும் காலம் காட்டியது. அதே ஆண்டு டிசம்பரில் நடுவர்களைப் பற்றிப் பேசியதற்காக இவானுக்கு மீண்டும் ஓர் ஆட்டம் தடை விதிக்கப்பட்டது. காணொளி உதவி நடுவர் முறை அந்தப் பருவத்திலும் வரவில்லை. பேசியவர் தண்டிக்கப்பட்டார், பேசப்பட்டது அப்படியே கிடந்தது.

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லாவிட்டால் இப்பதிவு நேர்மையற்றதாகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன், இடத்தின் பெயர் வேண்டாம், ஆய்வாளர் கூட்டமொன்றில் எங்கள் துறைக்கு அப்பட்டமான அநீதி இழைக்கப்பட்டது. எங்கள் பேராசிரியர் எழுந்தார். அவருக்கே உரிய கணீர்க் குரலில் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்து, வாருங்கள் என்றார். நாங்கள் நால்வரும் எழுந்து அவர் பின்னால் நடந்தோம். அந்தத் தாழ்வாரத்தில் நடந்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை இன்றும் மறக்கவில்லை. ஓர் ஆசான் கிடைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

அவர் பணி நிரந்தரமானது. எங்களுடைய உதவித்தொகை எட்டு மாதங்கள் வரவில்லை. கோப்பு நகரவில்லை என்றார்கள், காரணம் சொல்லவில்லை. நால்வரில் ஒருவர் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. வீட்டில் நெருக்கடி, கடன். இப்போது ஒரு துணிக்கடையில் கணக்கெழுதுகிறார். எங்களுள் மிகக் கூர்மையான வாசகர் அவர்தான். பேராசிரியர் மோசமானவர் அல்லர். அன்று அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. எங்களுக்காகப் பல அலுவலகங்களுக்கு அலைந்தார், தம் கைப்பணத்தையும் கொடுத்தார். ஆயினும் வாருங்கள் என்று அழைப்பதற்கு முன், வருகிறீர்களா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நாங்கள் வருகிறோம் என்றுதான் சொல்லியிருப்போம் என எனக்குத் தெரியும். ஆனால் அப்போது அது எங்கள் வெளியேற்றமாக இருந்திருக்கும். ஊருக்குப் போன அந்த நண்பர், தாம் எடுத்த முடிவின் விளைவைச் சுமந்திருப்பார். இப்போது இன்னொருவர் எடுத்த முடிவின் விளைவைச் சுமக்கிறார். இரண்டும் ஒரே எடையுள்ள சுமைகள் அல்ல.

ஆகவே, வெளிப்படையாகப் பேசும் தலைமையைப் பற்றி ரசிகர்கள் இரண்டாகப் பிரியும்போது, அவர் வீரரா திமிர் பிடித்தவரா என்னும் கேள்வி எனக்கு உதவுவதில்லை. அது குணத்தைப் பற்றிய கேள்வி. குணம் மாறாமலே சூழல் மாறும் என்பதைக் கீன் காட்டிவிட்டார். நான் கேட்க விரும்புவன வேறு இரண்டு. இவர் பேசுவது மேல்நோக்கியா, கீழ்நோக்கியா? இதன் விலையை யார் கொடுக்கிறார், அவரிடம் கேட்கப்பட்டதா? முதல் கேள்வியில் இவான் தேறுகிறார். இரண்டாவதில் தேறவில்லை. கூட்டமைப்போ இரண்டிலும் தேறவில்லை. அது பேசியது கீழ்நோக்கி மட்டுமே.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது வலுவானது. அநீதி கண்முன் நிகழும்போது எல்லோரையும் கலந்தாலோசிக்க நேரமேது? தலைமை என்பதே அந்த நொடியில் முடிவெடுப்பதற்காகத்தானே? பின்விளைவுகளைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தால் எவரும் ஒருபோதும் எழமாட்டார். அந்த முதியவர் இதைத்தான் சொன்னார். இதை நான் எளிதில் தள்ளிவிடவில்லை. நம் கல்விக்கூடங்களின் அமைதியில் பெரும்பகுதி, விளைவுகளைக் கணக்கிட்டுக் கணக்கிட்டே வாய் மூடியவர்களின் அமைதி என்பதை நாம் அறிவோம். அத்தகைய அமைதிக்கும் இவானின் வெளியேற்றத்துக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நான் வெளியேற்றத்தின் பக்கமே நிற்பேன். ஆனால் தேர்வு அந்த இரண்டுக்கு இடையே மட்டும் அமைவதில்லை. மூன்றாவது ஒன்று உண்டு. ஆட்டத்தை ஆடி முடித்துவிட்டு, தோற்றாலும் வென்றாலும், தம் பெயரில், தம் பணியைப் பணயம் வைத்துப் பேசுவது. அதற்குக் கைகாட்டத் தேவையில்லை. தனியாக நடந்தால் போதும்.

2023 அக்டோபர் 27 அன்று, பத்து ஆட்டத் தடை முடிந்து இவான் கலூர் அரங்குக்குத் திரும்பினார். அன்று நான் மட்டாஞ்சேரியிலிருந்து தோப்பும்படி வழியாகப் பேருந்திலும் பிறகு மெட்ரோவிலும் அங்கே போய்ச் சேர்ந்தேன். அவர் எல்லைக்கோட்டருகே தோன்றியபோது எழுந்த ஓசையை விவரிக்க முயலமாட்டேன். ஒடிசா முதல் கோலை அடித்தது. பிளாஸ்டர்ஸ் தரப்பில் யாரும் தளரவில்லை. இளம் கோல்காப்பாளர் சச்சின் சுரேஷ் ஒரு பெனால்டியைத் தடுத்தார். இரண்டாம் பாதியில் டியமன்டகோஸ் சமன் செய்ய, அணித் தலைவர் அட்ரியன் லூனா இறுதி நிமிடங்களில் வெற்றிக் கோலை அடித்தார். 2-1.

நானும் கத்தினேன். மறைக்கவில்லை. ஆனால் திரும்பும் வழியில் என் மனத்தில் ஓடியது வேறொன்று. பின்தங்கியிருந்த ஓர் அணி, எஞ்சிய நிமிடங்களில் என்ன செய்யக்கூடும் என்பதை இன்று பார்த்தோம். மார்ச் 3 அன்று அந்த நிமிடங்கள் அவர்களுக்குக் கொடுக்கப்படவே இல்லை. கோல் விழுந்திருக்குமா என்பதன்று கேள்வி. அந்த நிமிடங்கள் அவர்களுடையவை.

மறுநாள் கடையில் அந்த முதியவரிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, வெற்றி பெற்றபின் நிமிடக் கணக்குப் பார்ப்பது எளிது மோனே என்று சிரித்தார். மாணவர் அங்கில்லை. இருந்திருந்தால் மீண்டும் தொடங்கியிருக்கும்.

இப்பதிவை வாசிக்கும் நெறியாளர்களுக்கும் துறைத்தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எழுந்து பேசுங்கள். நீங்கள் பேசாவிட்டால் எங்களுக்காகப் பேச எவருமில்லை. ஆனால் எழுந்தபின், எங்களைத் திரும்பிப் பார்த்துக் கைகாட்டுவதற்கு முன், ஒரு நொடி நின்று கேளுங்கள். அந்த ஒரு நொடிக்கு எப்போதும் நேரம் உண்டு.